கத்திக்குக் காசு உண்டு, கைக்குக் கிடையாதா?

ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கிறபோது எத்தனை தாய்மார்கள் சாகிறார்கள் என்று எல்லா அரசாங்கமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2023-க்கான அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கைப் பாருங்கள். வெள்ளைத் தாய்மார்கள் 14.5. கறுப்புத் தாய்மார்கள் 50.3. கொரோனாக் காலமான 2021-ல் கறுப்புப் பெண்களின் எண்ணிக்கை 69.9 வரைக்கும் போனது. உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகமாகக் காசைக் கொட்டுகிற நாடு அது. அங்கே பிள்ளை பெறப் போகிற கறுப்புப் பெண், வெள்ளைப் பெண்ணைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்றரை மடங்கு சாகிறாள்.

ஏழ்மைதான் காரணம், படிப்பறிவு இல்லாததுதான் காரணம் என்று உடனே ஆரம்பிப்பார்கள். நமக்குப் பாடுகிற அதே பாட்டு. ஆனால் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளைப் பெண்ணைவிட, கல்லூரியில் பட்டம் வாங்கிய கறுப்புப் பெண் பிரசவத்தில் அதிகமாகச் சாகிறாள் என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமே 2019-ல் சொல்லிவிட்டது. காசு இருந்தாலாவது தப்பிக்கலாமா? 2017-ல் சிசேரியன் ஆன மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு மூச்சு முட்டியது. அவருக்கு ஏற்கெனவே இரத்தம் உறைகிற கோளாறு உண்டு. ஸ்கேன் எடுங்கள் என்று அவரே சொல்லியும், மாத்திரை மயக்கத்தில் உளறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். விடாமல் அடம்பிடித்துத்தான் ஸ்கேன் எடுக்க வைத்தார். நுரையீரலில் இரத்தக் கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்த செரீனாவின் பேச்சே பிரசவ வார்டில் எடுபடவில்லை என்றால், பேர் தெரியாத பொண்ணு பேச்சை எவன் கேட்பான்?

ஆக, காரணம் தோல். வலிக்கிறது என்று சொன்னால் நம்பப்படாத உடம்பு. இந்த நம்பாமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1840-களில் அலபாமாவில் ஜே. மேரியன் சிம்ஸ் என்கிற மருத்துவர் அடிமைப் பெண்களின் உடம்பில் மயக்க மருந்தே கொடுக்காமல் அறுவைச் சோதனைகளைச் செய்தார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பேரின் பெயர்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவரை 'நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை' என்று கொண்டாடி நியூயார்க் பூங்காவில் சிலையும் வைத்தார்கள். கறுப்பு மக்கள் போராடி அந்தச் சிலையை எடுக்க வைத்தது 2018-ல்தான். சிலை போய்விட்டது. சிலைக்குள் இருந்த புத்தி போகவில்லை. அது பிரசவ வார்டுகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு இன்னமும் நடமாடுகிறது.

1

இந்தச் சாவுகளுக்கு எதிராகக் கறுப்புப் பெண்கள் எழுப்புகிற கோரிக்கைகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டூலா என்கிற பிரசவத் துணைக்கு அரசுக் காப்பீடு கூலி கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை.

டூலா என்பவர் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. பிள்ளையை எடுக்க மாட்டார், கொடி அறுக்க மாட்டார், ஊசி போட மாட்டார். மாசமாக இருக்கும்போதே வீட்டுக்கு வந்து பேசுவார். வலி எடுத்தால் கூடவே இருப்பார், இடுப்பைத் தேய்த்துவிடுவார், நடக்க வைப்பார், தண்ணி கொடுப்பார், கையைப் பிடித்துக்கொள்வார். டாக்டர் சொல்வது புரியவில்லை என்றால் புரிய வைப்பார். 'இவங்க ஏதோ சொல்றாங்க, காதுல வாங்குங்க' என்று வார்டில் குரல் கொடுப்பார். பிள்ளை பிறந்தபிறகும் நாலு தடவை வந்து பார்ப்பார். அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிசா இருக்கு என்று கேட்கிறவர்களுக்காக: 1980-ல் குவாத்தமாலா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் செய்த ஆய்வு வெளியானது. தனியாகக் கிடந்த பெண்களுக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் ஆக சராசரியாக 19.3 மணி நேரம் எடுத்தது. பக்கத்தில் ஒரு பெண் துணைக்கு இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம். துணைக்கு இருந்தது யார்? முன்பின் தெரியாத, மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத சாதாரணப் பெண்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள். 2017-ல் 17 நாடுகளைச் சேர்ந்த 26 ஆய்வுகளை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் குறைகிறது, இயல்பான பிரசவம் கூடுகிறது என்றே வந்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும், பெண் தானே தேர்ந்தெடுக்கிற துணை அவளோடு இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சிசேரியன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தேவைப்படும்போது அந்தக் கத்தி உயிர் காக்கும். ஆனால் அமெரிக்காவில் மூன்று பிரசவத்துக்கு ஒன்று சிசேரியன். கறுப்புப் பெண்களிடம் அது இன்னும் அதிகம். அந்தக் கத்திக்குக் காப்பீடு கேள்வி கேட்காமல் காசு கொடுக்கிறது. மயக்க ஊசிக்குக் கொடுக்கிறது, கட்டிலுக்குக் கொடுக்கிறது, மெஷினுக்குக் கொடுக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு இருபது மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு மட்டும் கஜானாவில் காசில்லை.

ஏன்? அது வேலை இல்லையாம். அது 'அன்பு'. அது 'சேவை'. இந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

2

டூலா என்கிற கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம் அடிமைப் பெண் என்பது. இந்தச் சொல்லை அந்தத் தொழிலுக்குச் சூட்டியது படித்த வெள்ளை வர்க்கம். கறுப்புப் பெண்களில் பலருக்கு இந்தச் சொல் பிடிக்கவில்லை. 'பிரசவத் தொழிலாளி' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஏனென்றால் அந்தத் தொழில் அவர்களுடையது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைக்காலம் தொட்டு கறுப்புக் கிழவிகள்தான் பிரசவம் பார்த்தார்கள். கறுப்புப் பிள்ளைகளையும் எடுத்தார்கள், வெள்ளைப் பிள்ளைகளையும் எடுத்தார்கள். கோழிக்கும் கிழங்குக்கும்கூட வேலை பார்த்தார்கள். ஒன்றுமே வாங்காமலும் பார்த்தார்கள். 1921-ல் ஷெப்பர்டு–டவுனர் சட்டம் வந்தது. தாய்சேய் நலத்துக்கு மத்திய அரசு முதன்முதலாகக் காசு ஒதுக்கியது. நல்லதுதான். ஆனால் அந்தக் காசோடு கூடவே கண்காணிப்பும் வந்தது. கிழவிகள் வகுப்புக்கு வர வேண்டும், பெயரைப் பதிய வேண்டும், நர்ஸம்மா பையைச் சோதிப்பார், பைக்குள் பச்சிலை இருக்கக் கூடாது. அசுத்தம், அறியாமை, மூடநம்பிக்கை என்று அவர்கள் மேல் முத்திரை குத்தினார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தில் மேரி கோலி என்கிற கறுப்பு மருத்துவச்சி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்தவர். 1953-ல் அந்த மாநில சுகாதாரத் துறை அவரையே நடிக்க வைத்து, மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொல்ல ஒரு படம் எடுத்தது. அவருடைய கையிலிருந்த அறிவைப் படம்பிடித்துக்கொண்ட தென்மாநிலங்கள், அவரைப் போன்றவர்களின் தொழிலை ஒவ்வொன்றாக மூடின. அலபாமாவில் 1976-ல் சட்டம் போட்டே முடித்துவைத்தார்கள். அவர்களுக்குப் பதிலாக ஒவ்வொரு சேரிக்கும் டாக்டர் வந்தாரா? வரவில்லை. கிழவியையும் பிடுங்கிக்கொண்டான், டாக்டரையும் அனுப்பவில்லை.

உழைப்பை முதலில் இலவசமாக உறிஞ்சுவது. பிறகு அசுத்தம் என்று சொல்லி விரட்டுவது. கடைசியில் அதே உழைப்புக்குப் புதுப் பெயர் வைத்து, சான்றிதழ் அச்சடித்து, காசுள்ளவனுக்கு விற்பது. இதுதான் ஆதிக்கத்தின் மூன்று படி. டூலாவைத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள அமெரிக்காவில் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் ஆகும். அதைக் கொடுக்க முடிந்தவர்கள் யார், வார்டில் தனியாகக் கிடந்து சாகிறவர்கள் யார் என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

3

அதனால்தான் அரசுக் காப்பீடு. ஏழைகளுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிக்கெய்டு என்று பெயர். 1965-ல் வந்தது. மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து காசு போடுகின்றன. அந்த நாட்டில் நடக்கிற பத்துப் பிரசவத்தில் நாலுக்கு மேல் மெடிக்கெய்டு காசில்தான் நடக்கிறது. கறுப்புத் தாய்மார்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். மெடிக்கெய்டு கதவு திறந்தால்தான் துணை கிடைக்கும்.

கதவு ஒவ்வொரு மாநிலமாகத் திறக்கிறது. ஓரிகனும் மின்னசோட்டாவும் 2014 வாக்கில் முதலில் ஆரம்பித்தன. நியூ ஜெர்சி 2021-ல். வர்ஜீனியாவும் ரோட் ஐலண்டும் 2022-ல். கலிஃபோர்னியா 2023 ஜனவரியில். நியூயார்க் மாநிலம் முழுக்க 2024-ல். 2025-க்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள். இது தானாக நடக்கவில்லை. கறுப்புப் பெண்களின் அமைப்புகள் சட்டசபை வாசலில் நின்று நடத்தியது.

சந்தோஷப்படலாம். ஆனால் கதவை எப்படித் திறந்தான் என்று பாருங்கள்.

ஓரிகன் ஆரம்பத்தில் ஒரு பிரசவத்துக்குக் கொடுத்தது 75 டாலர். இருபது மணி நேரம் கூட இருந்தவருக்கு எழுபத்தைந்து டாலர்! மணிக்கு நாலு டாலர்கூடத் தேறாது. மின்னசோட்டாவில் ஆரம்பத்தில் டூலா தன் பெயரில் பில் போட முடியாமல் இருந்தது. டாக்டர் அல்லது நர்ஸ் மேற்பார்வையில், அவர்கள் மூலமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. எந்தெந்த அமைப்பின் சான்றிதழ் செல்லும் என்று சட்டத்திலேயே பட்டியல் போட்டார்கள். கலிஃபோர்னியா முதலில் ஒரு பிரசவத்துக்கு 450 டாலர் என்றது. பிரசவத் தொழிலாளிகள் கொதித்தெழுந்தபிறகு ஆயிரத்துக்கு மேல் ஏற்றியது. நியூயார்க் 2019-ல் சோதனையாகத் தொடங்கியபோது வைத்த கூலி 600 டாலர். இந்தக் கூலிக்கு வர மாட்டோம் என்று புரூக்ளின் பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். அங்கே திட்டமே கிளம்பவில்லை. 2024-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தபோது நியூயார்க் நகரத்தில் 1,500 டாலர் வரை கொடுக்க வேண்டியதாயிற்று. கூலியை மறுத்தால்தான் கூலி உயரும். கீழத்தஞ்சைக்காரர்களுக்கு இது புதுப்பாடம் இல்லை.

கூலிக்கு அப்பால் காகிதம். பயிற்சிக்குக் கட்டணம், பதிவு எண், போலீஸ் விசாரணைச் சான்று, தொழில் காப்பீடு. டாக்டர் அல்லது உரிமம் பெற்ற வேறொரு மருத்துவப் பணியாளரின் பரிந்துரைச் சீட்டு இருந்தால்தான் மெடிக்கெய்டு காசு தரும் என்பது மத்திய விதி. இதை உடைக்க வழியில்லாமலும் இல்லை. மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே பொதுச்சீட்டை 2023-ல் கலிஃபோர்னியா அரசே எழுதிவைத்துவிட்டது. இனி ஒவ்வொரு பெண்ணும் டாக்டர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. சான்றிதழ் இல்லாவிட்டாலும் ஐந்து வருஷ அனுபவமும் தாய்மார்கள் தருகிற கடிதங்களும் போதும் என்று இன்னொரு வழியும் வைத்தது. கருச்சிதைவுக்கும் கருக்கலைப்புக்கும்கூடத் துணை உண்டு என்றது. போராடினால் விதி வளையும் என்பதற்கு இது சாட்சி.

இந்தச் சான்றிதழ் விஷயத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1921-க்குப் பிறகு கறுப்புக் கிழவிகளை வெளியே தள்ளிய அதே வாசல்தான் அது. அன்றைக்குப் பை சோதனை, இன்றைக்குப் பதிவு எண். காப்பீடு காசு கொடுக்க ஆரம்பித்ததும், படித்த நடுத்தர வர்க்கம் சான்றிதழோடு வரிசையில் முந்திக்கொள்ளும். சேரிப் பெண்ணுக்குச் சேரிப் பெண்ணே துணையாக வர வேண்டும் என்று தொடங்கிய போராட்டம், சேரிப் பெண்ணை வெள்ளைப் பெண் மேய்க்கிற திட்டமாக முடியும். சான்றிதழ் இன்னொரு பூணூல் ஆகிவிடக் கூடாது.

இன்னொரு ஆபத்து, காசே நின்றுபோவது. 2025 ஜூலையில் அமெரிக்க அரசு நிறைவேற்றிய சட்டம், பத்தாண்டுகளில் மெடிக்கெய்டில் ஒரு லட்சம் கோடி டாலருக்கு நெருக்கமாக வெட்டுகிறது. அதே சட்டம் பணக்காரனுக்கு வரிச் சலுகை கொடுக்கிறது. மாநிலங்கள் எதை முதலில் வெட்டும்? கத்தியையா, கையையா? நீங்களே சொல்லுங்கள்.

4

இப்போது நம் தோழர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். 'பிரசவம் பார்க்கிறது, கொடி அறுக்கிறது, நஞ்சைப் புதைக்கிறது எல்லாம் சாதி நம்ம தலையில் கட்டின வேலை. அதைத் தூக்கியெறியத்தானே போராடினோம்? மறுபடியும் அதையே போற்றச் சொல்றியா?'

நியாயமான கேள்வி. வட இந்தியாவில் தாயி என்கிற மருத்துவச்சிகளில் மிகப் பலர் தலித் பெண்கள். ஆதிக்கசாதி வீட்டுப் பிள்ளையைத் தொட்டு எடுப்பதற்கு அவள் கை வேண்டும். எடுத்து முடித்ததும் அவள் தீட்டு. உத்தரப்பிரதேசத்தில் 1950-களிலிருந்து சமார் மக்கள் நாரா–மவேஷி போராட்டம் நடத்தினார்கள். நாரா என்றால் தொப்புள்கொடி, மவேஷி என்றால் கால்நடை. உன் வீட்டுக் கொடியை அறுக்க மாட்டோம், உன் செத்த மாட்டைத் தூக்க மாட்டோம். அதற்காக அடிபட்டார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் போராட்டம் நம் வரலாற்றின் பெருமை. அதில் ஓர் எழுத்தைக்கூட நான் அழிக்க மாட்டேன்.

ஆனால் அவர்கள் மறுத்தது எதை? பிறப்பால் திணிக்கப்பட்டதை. கூலியில்லாத குடிமை வேலையை. தொட்டதும் தீட்டாக்குகிற அவமானத்தை. இன்னொரு பெண்ணின் வலியில் கையைப் பிடிப்பதை அவர்கள் இழிவு என்று சொல்லவில்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நாம்தான் மறுத்தோம். மேடை ஏற்றி, விடுதலையின் குரலாகப் பறையை அடித்ததும் நாம்தான். ஆண்டைக்கு அடித்தால் அடிமைத்தனம், நமக்காக நாம் அடித்தால் கலகம். பிரசவத் துணையும் அப்படித்தான். விரும்பி ஏற்றால், முழுக்கூலி இருந்தால், சங்கம் இருந்தால், எந்தச் சாதிப் பெண்ணும் செய்கிற வேலை அது. கூலி என்பது வெறும் காசு இல்லை. 'இது உன் குலக்கடமை இல்லை, இது உழைப்பு' என்று அரசாங்கம் எழுதிக்கொடுக்கிற ஒப்புதல்.

1928-ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன். அதனால் அந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசாங்கமே சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிரசவத்தைக் குடும்ப விவகாரம், பெண்ணின் தலைவிதி என்பதிலிருந்து பிரித்து, அரசாங்கத்தின் பொறுப்பு என்று நிறுத்தினார். அதே அம்பேத்கர்தான் 1946-ல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் போராட்டத்தையும் நம் போராட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெயர் மட்டுமா எடுத்துக்கொள்வது? கறுப்புச் சிறுத்தைகள் துப்பாக்கியோடு மட்டும் நிற்கவில்லை, இலவச மருத்துவமனைகளும் நடத்தினார்கள். அந்தப் பாடத்தையும் எடுத்துக்கொள்வோம்.

5

நம் ஊர் நிலவரம் என்ன? தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இது 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம். தனியார் ஆஸ்பத்திரியில் 63.8. அரசு ஆஸ்பத்திரியிலும் 36. இந்திய சராசரி 21.5. தமிழச்சி இடுப்பு மட்டும் என்ன, வேறு எலும்பாலா ஆனது?

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்கிற திட்டம் 2004-லேயே தமிழ்நாட்டில் வந்தது. இந்தியாவுக்கு வழிகாட்டிய திட்டம் அது. ஆனால் யார் அந்தத் துணை? அம்மா, மாமியார், அக்கா. அவர்களுக்கு யார் கூலி கொடுப்பது? களையெடுக்கப் போகிற அம்மாவுக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் மூன்று நாள் கூலி போச்சு. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பத்தில் ஒருத்தி நகர முடியுமா? உள்ளே விட்டாலும், 'சும்மா நில்லும்மா, தொந்தரவு பண்ணாத' என்கிற அதட்டலுக்கு முன்னால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? வாய் திறக்கிற தெம்பு, நிறுத்தப்படாத கூலியிலிருந்தும் முதுகுக்குப் பின்னால் நிற்கிற சங்கத்திலிருந்தும்தான் வரும்.

வார்டில் ஆயா இருக்கிறாரே என்பார்கள். அவரும் பெரும்பாலும் நம்ம சனம்தான். காண்டிராக்ட்காரன் தூக்கிப் போடுகிற சம்பளத்தில் இருபது கட்டிலுக்கு ஓடுகிறவர். அவர் கை நீட்டுகிறார் என்று நமக்குக் கோபம் வருகிறது. அவர் கைக்குள் என்ன போட்டோம் என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டாமா? மற்ற மாநிலங்களில் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஆஷா பெண்ணுக்கு மத்தியத் திட்டம் வைத்திருப்பது கிராமத்தில் 600 ரூபாய். அதற்குச் சம்பளம் என்றுகூடப் பெயர் இல்லை, 'ஊக்கத்தொகை'. இதற்கிடையில் பெருநகரத்து மேல்தட்டுப் பெண்கள் காசு கொடுத்து டூலா வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று படி என்றேனே, மூன்றாவது படி இங்கேயும் வந்தாச்சு.

ஆகவே நாம் கேட்க வேண்டியது:

பிரசவத் துணை ஒரு வேலை. அதற்கு அரசுக் காப்பீட்டிலிருந்தும் சுகாதாரத் துறை நிதியிலிருந்தும் நாள் கணக்கில் முழுக்கூலி கொடு. ஊக்கத்தொகை என்று பிச்சை போடாதே.

சொந்தக்காரப் பெண் துணைக்கு வந்தால் அவள் இழக்கிற கூலியை ஈடுகட்டு.

சான்றிதழை வாசலில் வைத்து மறிக்காதே. பயிற்சியை இலவசமாகக் கொடு, அனுபவத்தைத் தகுதியாக ஏற்றுக்கொள். சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் வருகிற பெண்களுக்கு முதலிடம் கொடு.

அவரை டாக்டருக்கு எடுபிடி ஆக்காதே. தாய் சொல்வதைப் பதிவு செய்யவும், கேட்காமல் கத்தி வைத்தால், கேட்காமல் காப்பர்–டி பொருத்தினால், சாதியைச் சொல்லித் திட்டினால் புகார் கொடுக்கவும் அவருக்கு உரிமை எழுதிக்கொடு.

கடைசியாக ஒன்று. துணைக்கு ஆள் வைத்தாயிற்று, எங்கள் பொறுப்பு முடிந்தது என்று எந்த ஆஸ்பத்திரியும் தப்பித்துக்கொள்ள விடக் கூடாது. இரத்தம் கொட்டுகிற பெண்ணுக்கு டூலா இரத்தம் ஏற்ற முடியாது. டாக்டர் வர வேண்டும், இரத்தம் இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வர வேண்டும். இருக்கிறதைக் குறைப்பதற்கு இது சாக்கு இல்லை, இல்லாததைக் கேட்பதற்கு ஒரு சாட்சி.

அங்கே அலபாமாக் கிழவியின் பையைப் பிடுங்கினான். இங்கே தாயியின் கையைத் தீட்டென்றான். இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டிய பாக்கி நூறு வருஷத்துக்கும் மேல் நிற்கிறது. பாக்கியைக் கேட்போம், தோழர்களே. கெஞ்சி இல்லை, கணக்குப் பார்த்து.